எதுவரை முடிந்தது? பெருநிறுவனங்களின் ஷெட்யூலர் மாற்றம்

2012 ஜூன் 17, ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டனின் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து குழுமத்தில், இரவு வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் ஷெட்யூலர் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றினார்கள். நாட்வெஸ்ட், அல்ஸ்டர் பேங்க் ஆகிய வங்கிகளில் இரவில் மொத்தமாக ஓடும் பேட்ச் வேலைகள் அதை நம்பி ஓடின. மாற்றியபின் கோளாறு தலைகாட்டியது. 19-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதையே திரும்பப் போட முடிவெடுத்தார்கள். கழற்றினால் என்ன ஆகும் என்று யாரும் முன்கூட்டிச் சோதிக்கவில்லை. புதிய பதிப்பும் பழைய பதிப்பும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அன்று இரவு பேட்ச் நின்றது.

விடிந்ததும் ஆரம்பித்த அவதி வாரக்கணக்கில் நீண்டது. ஏடிஎம்மில் தெரிந்த இருப்பு சரியில்லை, வந்திருக்க வேண்டிய சம்பளம் கணக்கில் இல்லை, வீட்டுக்கடன் தவணை உரிய நாளில் போகவில்லை, வெளிநாடு போனவர்கள் கையில் காசில்லாமல் நின்றார்கள். பிரிட்டனில் மட்டும் 65 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். ஆர்பிஎஸ், நாட்வெஸ்ட் அமைப்புகளில் பெரும்பாலானவை ஜூன் 26 வாக்கில் சரியாகின. அல்ஸ்டர் பேங்க் ஜூலை 10 வரை தத்தளித்தது. 2014 நவம்பரில் பிரிட்டனின் இரண்டு ஒழுங்குமுறை அமைப்புகள் சேர்ந்து 5.6 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. அயர்லாந்தின் மத்திய வங்கி தன் பங்குக்கு 35 லட்சம் யூரோ போட்டது. குழுமம் கணினித் துறைக்கு ஆண்டுக்கு நூறு கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்துக்கொண்டிருந்தது. பணம் ஒதுக்காததால் வந்த வினை இல்லை என்று விசாரணை அறிக்கையே சொன்னது.

அந்தச் சமயத்தில் தலைமை நிர்வாகியாக இருந்த ஸ்டீபன் ஹெஸ்டர், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் நிதிக்குழுவுக்குக் கடிதம் எழுதினார். வேலையை இந்தியாவுக்குத் தள்ளியதால்தான் இப்படி ஆயிற்று என்று லண்டன் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருக்க, பராமரிப்பு வேலையைச் செய்தது எடின்பரோவில் உள்ள குழுதான் என்று அதில் தெளிவாகச் சொன்னார். சென்னையிலும் குர்கானிலும் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது ஒரு சின்ன நிம்மதி. ஆனால் கடிதத்தில் அதைவிட முக்கியமான செய்தி ஒன்று இருந்தது. பேட்ச் நின்ற கணம் வரை எந்தெந்தப் பரிவர்த்தனைகள் முடிந்திருந்தன என்ற பதிவை ஊழியர்களால் எடுக்க முடியவில்லை. எங்கே நின்றது என்று கண்டுபிடிப்பதற்கே நேரம் போனது. அதற்குள் அடுத்தடுத்த இரவுகளின் வேலையும் மேலே குவிந்துவிட்டது.

ஷெட்யூலர் மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பட்டியலைப் பற்றியே பேசுகிறார்கள்: எத்தனை ஜாப், எத்தனை சர்வர், எத்தனை லைசென்ஸ். பட்டியலைப் பெயர்ப்பது சுலபம். ஆனால் ஷெட்யூலருக்குள் இருக்கும் விலைமதிப்புள்ள சரக்கு ஒரு நினைவு: இன்றைக்கு எது முடிந்தது, எது முடியவில்லை, எது முடிந்ததாக வைத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. அந்த நினைவை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவதில்தான் பெருநிறுவனங்கள் தடுக்கி விழுகின்றன என்பது என் கட்சி.

இந்த இயந்திரம் செய்யும் வேலை

ஒரு நடுத்தர வங்கியின் இரவை எடுத்துக்கொள்வோம். நாள் கணக்கை மூடும் வேலை முதலில். அது முடிந்தால் வட்டி கணக்கிடுவது. வட்டி முடிந்தால் பொதுப் பேரேட்டில் பதிவது. நடுவே கார்டு நிறுவனத்திடமிருந்து வரவேண்டிய கோப்பு வந்ததா என்று ஒரு ஃபைல் வாட்ச்சர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும். வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கும் ஜாப் கிளம்பும். வராவிட்டால் ஒரு மணி நேரம் பொறுத்து யாருடைய போனாவது அலறும். இதெல்லாம் முடிந்த பிறகு காலை அறிக்கைகள், எஸ்எம்எஸ், டேட்டா வேர்ஹவுஸுக்கு லோட். பெரிய நிறுவனங்களில் இப்படி ஒரே நாளில் பல பத்தாயிரம் ஜாப்கள் ஓடும். ஒவ்வொன்றுக்கும் முன்னோடி உண்டு, பின்தொடர்வது உண்டு, நேரக்கெடு உண்டு.

இதைச் செய்யும் மென்பொருள்களின் வரலாறு, பெரும்பாலும் கம்பெனிகள் கைமாறிய வரலாறு. சிஏ-7, முதலில் யூசிசி-7. அதை வைத்திருந்த நிறுவனத்தை 1987-இல் கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் (சிஏ) வாங்கியது. ஆட்டோசிஸ், 1999-இல் பிளாட்டினம் டெக்னாலஜியைச் சிஏ வாங்கியபோது அதே வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இஸ்ரேலில் பிறந்த கன்ட்ரோல்-எம்மை அதே ஆண்டு பிஎம்சி எடுத்துக்கொண்டது. யூனிசன் என்ற நிறுவனத்தின் மேஸ்ட்ரோ, டிவோலி வழியாக ஐபிஎம்முக்குப் போனது. பிறகு 2018-இல் பிராட்காம், சிஏ மொத்தத்தையும் 1,890 கோடி டாலருக்கு வாங்கியது. முப்பது வருடமாக ஒரே ஷெட்யூலரை வைத்திருக்கும் நிறுவனம்கூட, முப்பது வருடமாக ஒரே ஆளிடம் காசு கட்டவில்லை.

மாற்றம் ஏன் வருகிறது என்ற கேள்விக்கான விடை பெரும்பாலும் இங்கேயே இருக்கிறது. முதலாளி மாறினால் லைசென்ஸ் கணக்கு மாறும். ஜாப் எண்ணிக்கைக்குக் காசா, ஒவ்வொரு சர்வரிலும் ஜாப்பை ஓட்டித்தரும் ஏஜென்ட்களின் எண்ணிக்கைக்கா, மெயின்ஃபிரேமின் கொள்ளளவுக்கா என்பதைப் பொறுத்து ரசீது வீங்கும். இரண்டு நிறுவனங்கள் இணைந்தால் வீட்டுக்குள் மூன்று ஷெட்யூலர்கள் இருக்கும். மூன்றுக்கும் ஆள் வேண்டும். கிளவுடுக்குப் போன பாதி அமைப்புகளைப் பழைய மென்பொருளால் எட்டிப்பிடிக்க முடியாது. தெரிந்தவர்கள் ஓய்வு பெறுகிறார்கள். இவற்றில் ஓய்வு பெறுவதுதான் உண்மையான நெருக்கடி. ஆனால் இயக்குநர் குழுவின் முன்னால் வைக்கப்படும் காகிதத்தில் லைசென்ஸ் மிச்சமே பெரிய எழுத்தில் இருக்கும்.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. இரவு சுருங்கிவிட்டது. இந்தியாவில் நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதலும், ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் 14 முதலும் நாள் முழுவதும் ஓடுகின்றன. சம்பளமும் தவணையும் போகும் நாக் வசதி 2021 ஆகஸ்ட் முதல் விடுமுறை நாளிலும் இயங்குகிறது. முன்பு மாலையில் கடையைச் சாத்தி, விடிவதற்குள் கணக்கை முடித்தால் போதும். இப்போது சாத்தும் நேரமே இல்லை. ‘நள்ளிரவு 12 மணிக்குக் கிளம்பு’ என்று எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான ஜாப்களை ‘கோப்பு வந்ததும் கிளம்பு’ என்று திருத்த வேண்டியிருக்கிறது. பழைய மென்பொருளிலேயே அதைச் செய்ய முடியும் என்றாலும், நிறுவனங்கள் இந்தச் சாக்கில்தான் புதியதைத் தேடுகின்றன.

‘இன்று’ என்றால் எந்த நாள்?

விற்பனையாளர்கள் எல்லோரிடமும் ஒரு மாற்றும் கருவி இருக்கிறது. பழைய வரையறைக் கோப்பைக் கொடுத்தால் புதிய வடிவில் துப்பும். தொண்ணூறு சதவீதம் தானாக மாறிவிடும் என்று பேச்சுவாக்கில் சொல்வார்கள். மாறும்தான். ஆனால் எழுத்து மாறுவதும் பொருள் மாறாமல் இருப்பதும் வெவ்வேறு காரியம்.

ஆட்டோசிஸில் ஒரு ஜாப்புக்கு ‘அ வெற்றியடைந்திருந்தால் ஆ ஓடலாம்’ என்று நிபந்தனை எழுதலாம். அங்கே வெற்றி என்பது அ-வின் கடைசி நிலை. அ நேற்றிரவு வெற்றியாக முடிந்து, இன்று இன்னும் கிளம்பாமல் இருந்தாலும் அதன் நிலை வெற்றிதான். ஆகவே ஆ தன் நேரம் வந்ததும், நேற்றைய வெற்றியைப் பார்த்தே கிளம்பிவிடும். இதைத் தடுக்க, எத்தனை மணி நேரத்துக்குள் கிடைத்த வெற்றி செல்லும் என்று வரம்பு எழுதலாம். அல்லது எல்லாவற்றையும், ஜாப்களைத் தொகுத்துவைக்கும் ஒரு பாக்ஸுக்குள் போட்டால், பாக்ஸ் கிளம்பும்போது உள்ளிருப்பவற்றின் நிலை புதுப்பிக்கப்படும். கன்ட்ரோல்-எம்மில் கதை வேறு. அங்கே நிபந்தனையோடு ஒரு தேதி ஒட்டிக்கொண்டிருக்கும். திங்கட்கிழமையின் வெற்றி செவ்வாய்க்கிழமையின் ஜாப்புக்குச் செல்லாது.

ஆட்டோசிஸிலிருந்து கன்ட்ரோல்-எம்முக்கு வரும் நிறுவனத்தில் என்ன நடக்கும்? வாரத்துக்கு ஒரு முறை மட்டும் ஓடும் அ-வை நம்பி, தினமும் ஓடும் ஆ ஒன்று இருக்கும். பழைய வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கிடைத்த வெற்றி வாரம் முழுக்கச் செல்லுபடியாகி, ஆ தினமும் ஓடியது. புதிய வீட்டில் திங்கட்கிழமை ஆ காத்துக்கொண்டே நிற்கும். கருவி பிழை எதுவும் காட்டியிருக்காது. வரையறை ‘சரியாக’ மாறியிருக்கும்.

தேதியிலேயே இன்னொரு சிக்கல் உண்டு. கன்ட்ரோல்-எம்மில் நாள் நள்ளிரவில் பிறக்க வேண்டியதில்லை. நிறுவனம் குறித்துவைத்த ஒரு நேரத்தில் புதிய நாள் தொடங்கும். காலை ஏழு மணி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் செவ்வாய் அதிகாலை 2 மணி என்பது கணக்குப்படி திங்கட்கிழமையின் வால். பழைய அமைப்பில் ‘செவ்வாய், 2 மணி’ என்று எழுதப்பட்டிருந்த ஜாப்பை எழுத்துக்கு எழுத்து மாற்றினால், அது புதிய அமைப்பில் புதன்கிழமை அதிகாலையில் ஓடும். தினசரி ஜாப்களில் இது வெளியே தெரியாது, தினமும்தானே ஓடுகிறது. மாதக் கடைசி ஜாப்களில்தான் குட்டு உடையும், அதுவும் முதல் மாதக் கடைசியில்.

புதிய தலைமுறைக் கருவிகள் இதிலிருந்து தப்பிவிட்டன என்று நினைக்க வேண்டாம். 2014-இல் ஏர்பிஎன்பி நிறுவனத்தில் மாக்ஸிம் போஷெமின் தொடங்கிய ஏர்ஃப்ளோ, 2019-இல் அப்பாச்சி அமைப்பின் முதல்நிலைத் திட்டமாகி, டேட்டா துறையில் எங்கும் புழங்குகிறது. அதில் 2025 வரை இயல்பாக, திங்கட்கிழமை என்று முத்திரையிட்ட தினசரி ஓட்டம், திங்கள் முடிந்த பிறகுதான் கிளம்பியது. முத்திரை, தரவு எந்த நாளுக்கானது என்பதைக் குறித்தது. பல வருடம் எல்லோரும் குழம்பிய பிறகு 2021-இல் அதன் பெயரையே மாற்றி, தரவின் இடைவெளி என்று தனியே பிரித்தார்கள். தத்துவரீதியாக ஏர்ஃப்ளோவின் அந்த முறையே சரி என்பேன். ஆனால் பழைய பழக்கத்தோடு வரும் ஒரு வங்கிக் குழுவுக்கு அது ஒரு நாள் தள்ளிய அறிக்கையாகத்தான் முதலில் தெரிந்திருக்கும்.

ஐஸும் ஹோல்டும்

சென்னையில் பேட்ச் சப்போர்ட் வேலைக்கு நேர்காணலுக்குப் போன யாரைக் கேட்டாலும் இந்தக் கேள்வியைச் சொல்வார்கள்: ஆட்டோசிஸில் ஹோல்டுக்கும் ஐஸுக்கும் என்ன வித்தியாசம்? விடையையும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஹோல்டில் போட்டால் அந்த ஜாப்பும் நிற்கும், அதை நம்பியிருக்கும் ஜாப்களும் நிற்கும். ஐஸில் போட்டால் அந்த ஜாப் மட்டும் ஓடாது. பின்னால் இருப்பவை, அது முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு மேலே போகும்.

நேர்காணலில் இது ஒரு மதிப்பெண். மைக்ரேஷனில், அதாவது ஷெட்யூலர் மாற்றத்தில், இது ஒரு கிடங்கு. பத்து வருடம் ஓடிய எந்த ஆட்டோசிஸையும் திறந்து பாருங்கள், நூற்றுக்கணக்கில் ஜாப்கள் ஐஸில் கிடக்கும். ஒரு ஒப்பந்தம் முடிந்து கோப்பு வருவது நின்றிருக்கும். யாரோ ஒருவர், சங்கிலியை அறுக்காமல் அந்தக் கண்ணியை மட்டும் ஐஸில் போட்டுவிட்டுப் போயிருப்பார். அவர் இப்போது வேறு கம்பெனியில். ஐஸ் என்பது வரையறையில் எழுதிய சங்கதி இல்லை, அது ஒரு நிலை. வரையறையை மட்டும் எடுத்துப்போனால் அது பின்தங்கிவிடும். புதிய அமைப்பில் அந்த ஜாப் உயிரோடு எழுந்து, மூன்று வருடமாக இல்லாத ஒரு சர்வருக்குக் கோப்பு அனுப்பப் பார்க்கும். அல்லது ஹோல்டாக மாற்றப்பட்டு, பின்னால் இருக்கும் முப்பது ஜாப்களைத் தடுத்து நிறுத்தும். ஐஸுக்கு நேரான பொத்தான் இல்லாத ஷெட்யூலர்களில், ஓடியதுபோல் பாவனை செய்யும் டம்மி ஜாப்பாக அதை மாற்றுவார்கள். அது சரியான வழிதான், ஒரு நிபந்தனையோடு: ஏன் ஐஸில் இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் அதைச் சொல்ல வேண்டும்.

இதே ரகத்தில் மறைந்து கிடப்பவை இன்னும் பல. சில ஸ்கிரிப்டுகள் தமக்குள்ளேயே ஷெட்யூலரின் கட்டளையைக் கூப்பிடும். வேலை முடிந்ததும் இன்னொரு ஜாப்பைத் தட்டி எழுப்பும். எந்த வரைபடத்திலும் அந்தக் கோடு தெரியாது. ஷெட்யூலரை மாற்றிய மறுநாள், இல்லாத ஒரு கட்டளையைத் தேடி ஸ்கிரிப்ட் விழும். பழைய ஏஜென்ட் எந்தப் பயனர் பெயரில், எந்தச் சூழல் மாறிகளோடு ஓடியது என்பதும் அப்படித்தான். திரையில் உட்கார்ந்து தட்டினால் ஓடும் ஸ்கிரிப்ட், புதிய ஏஜென்ட் வழியாக ஓடாது. காரணம், பழைய ஏஜென்ட் சொல்லாமல் செய்துவந்த ஒரு சின்ன உதவி. இது அலுப்பூட்டும் வேலை, இதில் நுட்பம் ஒன்றும் இல்லை. எல்லா ஸ்கிரிப்டையும் வாரிப் பார்த்து, ஷெட்யூலரின் பெயர் எங்கெல்லாம் வருகிறது என்று தேட வேண்டும், அவ்வளவுதான்.

விடுமுறைப் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. 2015 செப்டம்பர் முதல் இந்திய வங்கிகளுக்கு இரண்டாம், நான்காம் சனிக்கிழமை விடுமுறை. மற்ற விடுமுறைகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: பொங்கலுக்குச் சென்னைக் கிளை மூடியிருக்கும், மும்பையில் வேலை நடக்கும். ‘மாதத்தின் கடைசி வேலைநாள், அது மார்ச் 31 என்றால் வேறு வழி’ என்பது போன்ற விதிகளைச் சில இடங்களில் காலண்டரில் எழுதியிருப்பார்கள், சில இடங்களில் ஸ்கிரிப்டுக்குள், சில இடங்களில் யாரோ ஒருவரின் எக்ஸெல் ஷீட்டில். மேலைநாட்டுக் கம்பெனிகளின் பேட்சை இங்கிருந்து கண்காணிப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி: வருடத்துக்கு இரண்டு முறை அங்கே கடிகாரம் மாறும், இங்கே ஷிப்ட் நேரம் மாறும், நடுராத்திரியில் ஒரு மணி நேரம் காணாமல் போகும் அல்லது இரண்டு தடவை வரும். காணாமல் போன அந்த மணியில் குறிக்கப்பட்ட ஜாப்பை என்ன செய்வது என்பதில் இரண்டு ஷெட்யூலர்கள் ஒரே மாதிரி நடக்கும் என்று நம்பக் கூடாது.

இணையாக ஓட்டிப் பார்க்க முடியாது

புதிய கணக்கு மென்பொருள் வாங்கினால், பழையதையும் புதியதையும் இரண்டு மாதம் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, விடைகளை ஒப்பிடலாம். ஷெட்யூலரில் அது நடக்காது. அதன் வெளியீடு ஒரு செயல். சம்பள ஜாப்பை இரண்டு ஷெட்யூலரும் ஓட்டினால் சம்பளம் இரண்டு முறை போகும். எனவே, ஒரு நேரத்தில் ஒரு ஜாப்புக்கு ஒரே எஜமான்.

இதற்கு மாற்றாக இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, எல்லா ஜாப்களையும் டம்மியாக வைத்துப் புதிய அமைப்பை ஓட்டி, அது எதை எப்போது எந்த வரிசையில் கிளப்புகிறது என்ற பதிவை, பழைய அமைப்பின் உண்மையான பதிவோடு ஒப்பிடுவது. இதைச் சாதாரண வாரத்துக்கு மட்டும் செய்தால் பயனில்லை. மாதக் கடைசி, காலாண்டுக் கடைசி, மார்ச் 31, ஏப்ரல் 1, தொடர் விடுமுறைக்கு அடுத்த நாள், பிப்ரவரி 29 எல்லாவற்றுக்கும் புதிய அமைப்பு போடும் திட்டத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். கணினிக்கு இது சில மணி நேர வேலை. வித்தியாசங்களை உட்கார்ந்து விளக்குவதுதான் மனிதர்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களைத்தான் திட்ட அட்டவணையிலிருந்து முதலில் வெட்டுவார்கள்.

மற்றது, தனிச் சோதனைச் சூழலில் உண்மையாகவே ஓட்டுவது. உற்பத்திச் சூழலின் அளவுக்கு ஒரு சோதனைச் சூழலை யாரும் வைத்திருப்பதில்லை என்பதால் இது அரைகுறையாகவே இருக்கும். அரைகுறைச் சோதனையின் விலையைப் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கியின் கதை காட்டும். அது ஷெட்யூலர் மாற்றம் இல்லை, முழு வங்கி அமைப்பையே மாற்றியது. 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் 52 லட்சம் வாடிக்கையாளர்களைப் புதிய தளத்துக்கு நகர்த்தினார்கள். தரவு ஒழுங்காகத்தான் வந்து சேர்ந்தது. தளம்தான் தாங்கவில்லை. இரண்டு தரவு மையங்களில் ஒன்றை மட்டுமே சுமை கொடுத்துச் சோதித்திருந்தார்கள் என்று பிற்பாடு வந்த தனி விசாரணை கண்டறிந்தது. நிலைமை பழையபடி ஆக டிசம்பர் ஆயிற்று. 2022-இல் வங்கிக்கு 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு அபராதம். அடுத்த ஆண்டு, அன்றைய தலைமைத் தகவல் அதிகாரிக்கும் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு.

ஒரே வார இறுதியில் எல்லாவற்றையும் மாற்றுவது கூடாது என்பதில் இப்போது பெரிதாகக் கருத்து வேறுபாடு இல்லை. பகுதி பகுதியாக மாற்ற வேண்டும். ஆனால் எப்படிப் பகுப்பது? சர்வர் வாரியாகப் பகுக்கலாம்: இந்த மாதம் லினக்ஸ், அடுத்த மாதம் விண்டோஸ், கடைசியில் மெயின்ஃபிரேம். நிர்வாகத்துக்கு இது வசதி, ஏனென்றால் குழுக்கள் அப்படித்தான் பிரிந்திருக்கின்றன. ஜாப் சங்கிலிகளோ சர்வர் எல்லைகளை மதிப்பதில்லை. ஒரே சங்கிலி மெயின்ஃபிரேமில் தொடங்கி லினக்ஸில் வளர்ந்து விண்டோஸில் முடியும். சங்கிலியை நடுவில் வெட்டினால், பழைய ஷெட்யூலரில் முடிந்ததைப் புதியதற்குச் சொல்ல ஒரு பாலம் வேண்டும். ஒரு கோப்பையோ தூது ஜாப்பையோ வைத்துச் சமாளிப்பார்கள். ஒவ்வொரு பாலமும், இரண்டு நினைவுகள் ஒத்துப்போக வேண்டிய ஓர் இடம். நூறு பாலம் கட்டினால் நூறு இடத்தில் தூது தொலையலாம். அதனால் வணிகப் பயன்பாடு வாரியாக, எங்கே வெட்டினால் குறைவான கோடுகள் அறுபடுமோ அங்கே வெட்டுவதுதான் உருப்படியான முறை. அதற்கு முதலில் முழு வரைபடம் கையில் வேண்டும். பாதி ஜாப்களுக்கு உரிமையாளர் யார் என்றே தெரியாது என்பது அந்த வரைபடத்தை வரையும்போதுதான் வெளிப்படும்.

உள்ளதை உள்ளபடி மாற்றுவதா, மாற்றும்போதே சுத்தம் செய்வதா என்றொரு வாதம் எல்லாத் திட்டங்களிலும் நடக்கும். எனக்குத் தோன்றுவது: செத்த ஜாப்களை முன்பே, பழைய வீட்டிலேயே அடக்கம் செய்துவிட வேண்டும், உயிருள்ளவற்றை அப்படியே கொண்டுபோய், புது வீட்டில் ஒரு மார்ச் 31-ஐத் தாண்டிய பிறகே கைவைக்க வேண்டும். நகர்த்தும்போதே திருத்தினால், பதிவுகளை ஒப்பிடும்போது தெரியும் வித்தியாசம் வேண்டுமென்று செய்ததா, தவறி வந்ததா என்று சொல்ல முடியாமல் போகும்.

திரும்பி வருவது

எல்லாத் திட்ட ஆவணத்திலும் ரோல்பேக் என்று ஒரு பக்கம் இருக்கும். ‘பிரச்சினை வந்தால் பழைய அமைப்புக்குத் திரும்புவோம்.’ ஆர்பிஎஸ்ஸில் அதைத்தான் செய்தார்கள், செய்ததில்தான் உடைந்தது.

சிக்கலை இப்படிப் பாருங்கள். இரவு 11 மணிக்குப் புதிய ஷெட்யூலருக்கு மாறுகிறோம். 2 மணிக்குள் நானூறு ஜாப்கள் முடிந்துவிட்டன. 2 மணிக்கு ஏதோ ஒன்று கெடுகிறது, திரும்ப முடிவு செய்கிறோம். பழைய ஷெட்யூலரின் நினைவு 11 மணியிலேயே நிற்கிறது. அதை எழுப்பினால், அந்த நானூறையும் திரும்ப ஓட்டக் கிளம்பும். வட்டி இரண்டு முறை ஏறும். ஆகவே திரும்புவது என்றால், நானூறு ஜாப்களின் நிலையைப் பழைய அமைப்பில் ‘முடிந்தது’ என்று எழுதிவைத்த பிறகே திரும்புவது. அதற்கான பட்டியலைப் புதிய அமைப்பிலிருந்து எடுக்க வேண்டும். அது கெட்டுக் கிடக்கும் நேரத்தில். அதனால்தான் நிலைப் பதிவைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை, ஷெட்யூலருக்கு வெளியே, யாரும் படிக்கக்கூடிய வெறும் கோப்பாக எழுதிவைப்பது, விலையுயர்ந்த எந்தக் கருவியையும்விடப் பெரிய காப்பு. இதற்குச் செலவு ஒரு சின்ன ஸ்கிரிப்ட்.

திரும்பும் வழியை நிஜமாகவே நடந்து பார்க்க வேண்டும், சின்னதொரு சங்கிலியை வைத்தாவது. முன்னே போவதைப் பத்து முறை ஒத்திகை பார்க்கும் குழுக்கள், பின்னே வருவதை ஒரு முறைகூடப் பார்ப்பதில்லை. அட்டவணையில் அதற்கு ஒரு வார இறுதியை ஒதுக்கக் கேட்டால், தோல்விக்குத் திட்டமிடுகிறாயா என்று மேலே இருப்பவர் கேட்பார். ஒரு கட்டத்துக்கு மேல் திரும்புவதைவிட முன்னே தள்ளுவதே ஆபத்து குறைந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டம் எந்த ஜாப், எத்தனை மணி என்று முன்கூட்டியே எழுதிவைத்து, அன்றிரவு முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவரை அழைப்பில் உட்கார வைக்க வேண்டும்.

நைட் ஷிப்டில் இருப்பவர்கள்

சென்னையின் ஐடி நிறுவனங்கள் இருக்கும் ஓஎம்ஆர் சாலையில் இரவு பத்துக்குக் கேபில் வந்து இறங்கி, காலை ஏழு வரை திரையைப் பார்க்கும் பிள்ளைகளிடம் உள்ள அறிவு எந்த ஆவணத்திலும் இல்லை. இந்த ஜாப் மாதக் கடைசியில் ஒரு தடவை விழும், ரீரன் கொடுத்தால் ஓடிவிடும். அந்த ஜாப் பிழை காட்டினாலும் பரவாயில்லை, வெற்றி என்று போட்டுவிடலாம். ஆனால் பக்கத்து ஜாப்புக்கு அப்படிச் செய்தால் தொலைந்தோம். இந்தக் கோப்பு தாமதமானால் ஹெல்ப்டெஸ்க்குக்கு டிக்கெட் போட்டுப் பயனில்லை, நேரே இன்னாருக்கு போன் செய்ய வேண்டும். ஷெட்யூலர் மறக்கும் பாதியை இவர்கள்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இவர்கள் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். மைக்ரேஷன் கூட்டங்கள் பகலில் நடக்கும், இவர்கள் தூங்கும் நேரத்தில். புதிய கருவி வந்தால் ஆட்களைக் குறைக்கலாம் என்று அதே திட்ட ஆவணத்தில் எழுதியிருப்பதும் இவர்களுக்குத் தெரியும். தன் வேலையை எடுக்கப்போகும் இயந்திரத்துக்குத் தன் அறிவைச் சொல்லிக்கொடு என்று ஒருவரிடம் கேட்டால், கேட்டதற்கு மட்டும் பதில் வரும். இதற்கு மென்பொருளில் தீர்வு கிடையாது. மாற்றம் முடிந்து ஒரு வருடத்துக்கு இவர்களுக்கு வேலை உறுதி என்று எழுத்தில் கொடுத்து, சோதனைப் பதிவுகளின் வித்தியாசங்களை விளக்கும் பொறுப்பையும் இவர்களிடமே தரலாம். லைசென்ஸ் மிச்சத்தோடு ஒப்பிட்டால் அந்தச் சம்பளம் பெரிய தொகை இல்லை.

நாளைக் குறிப்பது யார் என்பதிலும் இதே கோணல். புதியதற்கு மாறும் கட்ஓவர் தேதியைப் பெரும்பாலும் பழைய ஒப்பந்தம் காலாவதியாகும் நாளே தீர்மானிக்கிறது. டிசம்பர் 31-இல் லைசென்ஸ் முடிகிறது என்றால், ஆண்டுக் கடைசி நெரிசலில், பாதிப் பேர் விடுப்பில் இருக்கும்போது மாற்றம் நடக்கும். பழைய விற்பனையாளரிடம் ஆறு மாத நீட்டிப்புக்குத் திட்டத்தின் முதல் மாதத்திலேயே பேரம் பேசினால் ஒரு விலை. கடைசி மாதத்தில் போய் நின்றால் அவர் வைத்ததே விலை.

கடைசிச் சில நூறு ஜாப்கள் எப்போதும் பின்தங்கும். மெயின்ஃபிரேமோடு ஒட்டிப்பிறந்தவை, உரிமையாளர் கிடைக்காதவை, ‘அடுத்த வருடம் இந்த அமைப்பையே மூடப்போகிறோம்’ என்று ஒவ்வொரு வருடமும் சொல்லப்படுபவை. அவற்றுக்காகப் பழைய ஷெட்யூலர் தொடர்ந்து ஓடும். மிச்சமாகும் என்று காகிதத்தில் எழுதிய லைசென்ஸ் தொகை தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும். ஒன்றின் இடத்தில் இரண்டுக்கு ஆள் வைக்க வேண்டியிருக்கும். எல்லா ஜாப்களும் போன பிறகும் பழைய சர்வரை உடனே அணைக்க முடியாது. தணிக்கையாளர் வந்து, சென்ற ஆண்டு செப்டம்பர் 30 இரவு வட்டி ஜாப் எத்தனை மணிக்கு முடிந்தது, அதை வெற்றி என்று கையால் மாற்றியது யார் என்று கேட்பார். அந்தப் பதிவுகளை எந்த மாற்றும் கருவியும் எடுத்துவருவதில்லை. அவற்றை வெளியே எடுத்து, தேடிப் படிக்கும்படி வைக்க ஒரு ஆளும் சில வாரங்களும் வேண்டும், அதற்கான தொகையும் திட்டத்தின் முதல் மதிப்பீட்டிலேயே இடம்பெற வேண்டும்.